வெள்ளையடிப்பது எந்தக் கதை?

மாத்தளையில் நாலு பேர் கூடிப் போர் நாவல்கள், படங்கள் பற்றிப் பேசினால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "ஆமிக்காரனின் மனவேதனையை எழுதுவது அவனுக்கு வெள்ளையடிக்கிற வேலை." என்னால் இதை ஏற்க முடியவில்லை.

விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பினிச' 2005இல் கான் விழாவில் கமரா டோர் விருது பெற்ற படம். போர்நிறுத்த காலம். வெறிச்சோடிய நிலத்தில் ஊர்காவல் படையாள் ஒருவன் துவக்கோடு நிற்கிறான், எதைக் காக்கிறான் என்று தெரியாமலே. இராணுவத்தினர் அவனையே அவமானப்படுத்துகிறார்கள். ஓர் இரவில், முகம் தெரியாத ஒருவனை அடித்துக் கொல்லும்படி ஏவுகிறார்கள். அவன் அடிக்கிறான். அவனுடைய தனிமையை அவ்வளவு நெருங்கிக் காட்டும் படம் அந்த அடியை மறைக்கவில்லை. அவன் மனம் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தக் கொலை இன்னும் கனக்கிறது. உறக்கமே கெடாத சிப்பாயைக் காட்டும் வீரக்கதைதான் வெள்ளையடிக்கிறது.

இன்னொன்று. பிரசன்ன விதானகேயின் 'புர ஹந்த களுவர'வில், ஆமிக்கார மகனின் சவப்பெட்டியைத் தோண்டியெடுக்கும் பார்வையற்ற தகப்பனுக்குக் கிடைப்பது வாழைத்தண்டும் கல்லும். அந்தப் படத்தை அரசு 2000இல் தடுத்தது. 2001இல் உச்ச நீதிமன்றம்தான் வழிவிட்டது. ஆமிக்காரன் வீட்டுத் துயரம் படைக்கு வெள்ளையடிக்கிறது என்றால், போரை நடத்திய அரசு ஏன் அதற்குப் பயந்தது?

"கொள்கைக்காகப் போன இயக்கப் பிள்ளைகளுக்கு மனம் உடையாது" என்பார்கள் சிலர். புளொட் என்ற போராளி அமைப்பிலிருந்து வெளியேறிய கோவிந்தன் 1985இலேயே 'புதியதோர் உலகம்' நாவலில், முகாமில் சொந்தத் தோழர்களுக்கே அஞ்சிய இளைஞர்களை எழுதிவிட்டார். இளவயதில் இயக்கத்தில் இருந்த ஷோபாசக்தி நடித்த 'தீபன்' 2015இல் வந்தது. அதில் முன்னாள் போராளி பாரிஸ் புறநகர்த் தொடர்மாடி முற்றத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, இங்கே சுடக்கூடாது என்கிறான். கடல் தாண்டியும் வன்னி அவனை விடவில்லை.

"மாத்தளையில் போரே நடக்கவில்லையே, நமக்கென்ன?" என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. சண்டை வடக்கு கிழக்கில். ஆள் போனது இங்கிருந்தும்தான். எங்கள் ஒழுங்கையில் ஆமியிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். முற்றத்துப் படங்கில் கராம்பு காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருப்பார். சித்திரை வருசத்துக்கு முதல் வெடி கேட்டதும் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த வீட்டைப் பற்றி ஒரு தமிழ்க் கதையும் நான் இதுவரை படித்ததில்லை. அவருடைய மனைவி வருசத்துக்கு முதல்நாளே எங்கள் பிள்ளைகளிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்: "வெடி போடுறதுன்னா முன்னாடியே சொல்லுங்க மல்லி, அவர உள்ள கூட்டிட்டுப் போகணும்."