கிண்ணம் போதும், ஒரு பெட்டி கொடுப்போம்



தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் எங்கள் முன்னாள் மாணவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதில் மீண்டும் ஒருமுறை பள்ளி வாயிலுக்கு வருவார்கள். சான்றிதழ் நகல்களைத் தலைமையாசிரியர் கையொப்பமிட்டு உறுதிப்படுத்த வேண்டும்; அதற்காக வருவார்கள். வந்த கையோடு ஆசிரியர் அறையை எட்டிப் பார்த்து, "சார், எனக்கு இடம் கெடச்சிருச்சு" என்பார்கள். அதைக் கேட்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி ஆசிரியர்களுக்கே தெரியும். அடுத்து நாம் கேட்பது, "எங்கே?" என்பதுதான். பெற்றோரின் முகம் வாடுவதும் அங்கேதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவ்வாறு வந்த ஒரு மாணவிக்குக் கோத்தா கினாபாலுவில் உள்ள சபா மலேசியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. 1994-ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகம். அவள் விரும்பிய துறை. தந்தையார் லோரி ஓட்டுநர். தாயார் ஒரு சிற்றுண்டிச் சாலையில் பணிபுரிகிறார். குடும்பத்தில் எவரும் அதுவரை வானூர்தியில் ஏறியதில்லை. "பொம்பளப் புள்ள சார், கடல் தாண்டி எப்படி அனுப்பறது?" என்று தந்தையார் கேட்டார். நம் முன்னோர் ஒரு தகரப் பெட்டியோடு கடல் தாண்டி வந்த கதையை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். மேடைகளில் பலமுறை சொல்லித் தேய்ந்துபோன கதை அது. எனவே சொல்லவில்லை. உண்மையில் அவருடைய அச்சம் கடலைப் பற்றியதன்று என்பது ஒரு வாரம் கழித்து அவர் வீட்டிற்குச் சென்றபோதுதான் விளங்கிற்று.

கூடத்தின் நடுவே மூட்டைகள் கிடந்தன. தலையணை, போர்வை, வாளி, துணிமாட்டிகள், மின்சாரச் சோறு சமைக்கும் கலம், ஐந்து கிலோ அரிசி, பாபாஸ் மசாலைப் பொட்டலங்கள், ஊறுகாய்ப் போத்தல், சாமி படம், ஒரு சிறு பித்தளை விளக்கு. எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் தாயார் முதலில் வெறுங்கையோடு நின்றார். பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு நின்றார். மகள் கழித்துக் கழித்துத் தாளில் எழுதினாள். மொத்தம் 43 கிலோ. பயணச் சீட்டோடு அவர்கள் பணம் கட்டியிருந்ததோ 20 கிலோவுக்கு. கையில் எடுத்துச் செல்ல 7 கிலோ. மிகுதிக்கு விமான நிலையத்தில் எவ்வளவு கேட்பார்கள் என்று எண்ணியே அந்த மனிதர் இரண்டு இரவுகள் உறங்கவில்லையாம். பதிவு நாளில் பெற்றோரும் உடன் செல்ல வேண்டுமென்றால் மூன்று பேருக்குச் சீட்டு, இருவருக்குத் திரும்பும் சீட்டு, தங்கும் செலவு. மாணவர்க்கு 300 வெள்ளி உதவி தரும் வானூர்திச் சீட்டுத் திட்டம் ஒன்றை 2023-இல் அரசாங்கம் கொண்டுவந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் உடன் செல்லும் தாய் தந்தையர்க்கு அதில் இடமில்லை.

பெட்டி? அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கியது. ஒரு சக்கரம் உடைந்திருந்தது.

நான் அங்கு அமர்ந்து மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னேன். வாளியும் தலையணையும் கோத்தா கினாபாலுவிலும் விற்கின்றன. பல விடுதிகளில் சமையற்கலத்தை அனுமதிப்பதில்லை. சோதனையில் பறிகொடுக்கத்தான் நேரும். நீண்ட விடுமுறை வந்தால் பல இடங்களில் அறையைக் காலி செய்துவிட்டு வர வேண்டும். இன்று தூக்கிச் செல்லும் ஒவ்வொரு பொருளையும் அன்று எங்கே வைப்பது என்று அந்தப் பெண் தவிக்க வேண்டியிருக்கும். அசல் சான்றிதழ்களைப் பெரிய பெட்டியில் வைக்காதே, கைப்பையில் வை என்றேன். வேறொரு மாணவனின் பெட்டி ஒரு நாள் பிந்தி வந்து, பதிவு மேசையில் அவன் வெறுங்கையோடு நின்ற கதை எனக்குத் தெரியும். கைப்பேசிக்கான மின்சேமிப்புக் கலமும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. ஆகவே நம் நாட்டிற்குள்ளேயே செல்கிறோம் என்று எண்ணி அடையாள அட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடக் கூடாது, இறங்கியதும் காட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். தந்தையாருக்கு அது பெருவியப்பாக இருந்தது.

அரிசி போயிற்று. கலம் போயிற்று. விளக்கை எடுத்து வைக்கத் தாயார் இசையவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஊறுகாய்ப் போத்தல் மூன்று நெகிழிப் பைகளுக்குள் புகுந்து எப்படியோ இடம் பிடித்துக்கொண்டது. (நான் அதைக் காணாததுபோல் இருந்துவிட்டேன்.)

அப்போது என் கண்ணில் பட்டது, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலிருந்த அடுக்கு. ஐந்து கிண்ணங்கள், இரண்டு கேடயங்கள். அவற்றுள் மூன்றில் எங்கள் பள்ளியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, சிறந்த மாணவர் விருது. பரிசளிப்பு விழாவில் நானே ஒலிவாங்கியின் முன் நின்று அவள் பெயரை அழைத்திருக்கிறேன். ஏழு கிண்ணமும் கேடயமும் உள்ள வீட்டில் சக்கரம் உடையாத பெட்டி ஒன்று இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் நன்கொடை திரட்டப் படும் பாட்டை நான் அறிவேன். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிண்ணம் ஊக்கம் தரும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கிண்ணத்தின் உயரம் கூடிக்கொண்டே போவது யாருக்காக? எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களில் ஓராண்டில் சிந்தோக்கிற்கோ, கோத்தா சமராஹானுக்கோ, லாபுவான் மெட்ரிகுலேசன் கல்லூரிக்கோ செல்பவர்கள் ஒரு கை விரல்களில் எண்ணத்தக்கவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல பெட்டியும் மிகுதி எடைக்கான கட்டணமும் கொடுப்பதற்கு, மண்டப வாடகையில் ஒரு பகுதி போதும். பணத்தைவிட முக்கியமானது, முன்பே அங்கே சென்று படிக்கும் மூத்த மாணவரின் தொலைபேசி எண். விடுதியில் எதை அனுமதிப்பார்கள், வாளி எந்தக் கடையில் வாங்கலாம் என்று அவர்தாம் சொல்ல முடியும். பள்ளி அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்து அவ்வெண்களைச் சேர்க்கலாம், காசு செலவில்லை.

சென்ற ஆண்டு இதைச் செயலவைக் கூட்டத்தில் சொன்னேன். தமிழ்ப்பள்ளியின் பொறுப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்தது, மேற்கல்வி நம் வேலையன்று என்றார் ஒருவர். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தவுடன் அவர்களுடைய படத்தைப் பதாகையில் அச்சிட்டுப் பள்ளி வேலியில் கட்டுகிறோமே, அப்போது மட்டும் அவர்கள் நம் மாணவர்களாகிவிடுகிறார்கள். இன்னொருவர் வெளிப்படையாகவே பேசினார்: "கிண்ணம் கொடுத்தா மேடையில படம் எடுக்கலாம். பேக்கக் கொடுத்து எப்படி சார் படம் எடுக்கிறது?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அத்தோடு அது முடிந்துபோயிற்று.

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அங்கு வாங்கிய வாளியை, விடுதியை விட்டுச் சென்ற ஒரு மூத்த மாணவி பாதி விலைக்குத் தந்தாளாம். தம் ஊரிலிருந்து அடுத்து யார் வந்தாலும் தன் எண்ணைக் கொடுக்கும்படி எழுதியிருக்கிறாள். உடைந்த சக்கரத்துப் பெட்டியை அவள் தந்தையார் அன்றே திரும்பக் கொண்டுவந்து அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார். அவள் முதல் விடுமுறைக்குத் துணிகளை நெகிழிப் பையில் கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

இவ்வாண்டுக் கூட்டத்தில் மீண்டும் இதை முன்வைக்க இருக்கிறேன். இம்முறை எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நிரலில் கடைசியாகச் சேர்த்திருக்கிறார்கள். பெற்றோர்கள் தேநீர் வந்தவுடன் எழுந்து போய்விடாமல் அதுவரை அமர்ந்திருக்க வேண்டுகிறேன்.