ஏறுமுன் இறங்குவதை எண்ணுங்கள்



நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று எழுதிவரும் இப்பகுதியில் இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். சென்ற மாதம் பூசை முடிந்து பிரசாதம் வாங்கி நிற்கையில் அங்கத்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். இலண்டனின் தென்கோடியில் சரிவான பெரிய வளவோடு வீடு வாங்கியிருக்கிறார். என் வளவும் அத்தகையதே என்பது அவருக்குத் தெரியும்.

"டொக்டர், பசளையும் விறகும் மேலே ஏற்றப் புல்வெட்டும் ட்ராக்டர் ஒன்று வாங்கப்போறன். எத்தனை குதிரைவலு போதும்?"

"குதிரைவலு இருக்கட்டும் தம்பி, வளவு எவ்வளவு சரிவு?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுதான்.

உயர்வாசற்குன்று முருகனைத் தரிசிக்க நாம் செல்லும் ஆர்ச்வே றோட்டின் கதையே இதற்குப் பாடம். ஹைகேற் குன்றின் செங்குத்தான பாதையில் பார வண்டிகளை இழுக்கக் குதிரைகள் பட்ட பாட்டைத் தவிர்க்க, குன்றினூடே சுரங்கம் தோண்டினார்கள். 1812-இல் அது இடிந்து விழுந்தது. பின்னர் குன்றைத் திறந்த வெட்டாக அகழ்ந்து 1813-இல் இவ்வீதியைத் திறந்தார்கள். பழைய பாதையில் 1884-இல் ஐரோப்பாவின் முதலாவது கம்பிவட ட்ராம் ஓடியது. 1892-இல் நேர்ந்த விபத்தோடு அது நின்றுபோய், 1897-இல்தான் மீண்டும் ஓடியது. அந்தப் பாதையின் சரிவு பதினொன்றுக்கு ஒன்று. நம்மவரின் வளவுகள் பல அதைவிடச் சரிவானவை.

சரிவை அளப்பது எளிது. ஒரு மீற்றர் நீளப் பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் நிலத்தில் ஊன்றி, ஸ்பிரிட் லெவல் வைத்துப் பலகையை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளி 9 சென்ரிமீற்றர் என்றால் 5 பாகை. ஹைகேற் குன்றும் அவ்வளவே. 18 என்றால் 10 பாகை. 27 என்றால் 15 பாகை. இவ்வகை ட்ராக்டர்களின் கைநூல்கள் பெரும்பாலும் 10 அல்லது 15 பாகைக்கு மேல் ஓட்டவேண்டாம் என்கின்றன. பின்னால் பெட்டி பூட்டினால் அந்த எல்லையை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன்? ட்ராக்டர் 200 கிலோ, ஓட்டுபவர் 75, பெட்டி 50, பாரம் 200 என்று வைத்துக்கொள்வோம். 10 பாகைச் சரிவில் இவையெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 90 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கும். ஏறும்போது சக்தி போதாவிட்டால் என்ஜின் திணறும்; நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆபத்து இறங்கும்போதுதான். இவ்வியந்திரங்களில் பிறேக் பொதுவாகப் பின்சில்லுகளுக்கு மாத்திரமே. கீழ்நோக்கிச் செல்கையில் எடை முன்சில்லுகளுக்குச் சாய, பின்சில்லுகள் பிடிப்பை இழக்கும். பெட்டிக்குப் பிறேக் கிடையாது. அது பின்னால் நின்று தள்ளும். ஈரப் புல்லில் சில்லு நின்றாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

ஆகவே வாங்கும்போது குதிரைவலுவுக்கு முன் இவற்றைப் பாருங்கள். இயந்திரத்தின் சொந்த எடை. இழுக்கக்கூடிய பாரம் என்று கைநூல் கூறும் அளவு. சேறு பிடிக்கும் தடித்த பல் ரயர். பின்சில்லுகளில் எடைக்கட்டி பூட்டும் வசதி. ஹைட்ரோஸ்டற்றிக் கியர் ஓட்டுவதற்குச் சுகமானது. ஆனால் மலிவான வகை தொடர்ந்து பாரம் இழுத்தால் சூடேறித் தேய்ந்துவிடும். எண்ணெய் மாற்றக்கூடிய வலுவான வகையையே கேட்டு வாங்குங்கள்.

ஓட்டும்போது நேராக ஏறி நேராக இறங்குங்கள். சரிவின் குறுக்கே ஓடாதீர்கள், சரிவில் திருப்பாதீர்கள். இறங்கத் தொடங்குமுன்பே மெதுவான வேகத்துக்கு வந்துவிடுங்கள். கியரை விடுவித்து உருளவிடவே கூடாது. பாரத்தைத் தாழ்வாக அடுக்குங்கள். கொழுவியைத் தாழ்வாகவே பூட்டுங்கள். உயரத்தில் பூட்டினால் ஏறும்போது ட்ராக்டர் பின்பக்கமாகக் கவிழும்.

நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில் நாட்டுப்புற மருத்துவமனையொன்றின் விபத்துப் பிரிவில் வேலை செய்தேன். ஒருநாள் மாலை, வளவில் ட்ராக்டர் கவிழ்ந்து மார்பு நசுங்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த மகன், "பத்து வருடமாக அதே சரிவில்தான் ஓட்டினார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அன்று புல் ஈரமாக இருந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

வயல் ட்ராக்டர்களில் இத்தகைய மரணங்கள் மிகுந்ததால் சுவீடன் 1959-இலும், இந்நாடு 1970-இலும் புதிய ட்ராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கின. வீட்டுப் புல்வெட்டிகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சட்டகம் இல்லை. சட்டகம் இருந்தால் ஆசனப் பட்டியும் கட்டுங்கள்.

பலகையை வைத்து அளந்தபின் அங்கத்தவர் தொலைபேசியில் அழைத்தார். இடைவெளி 30 சென்ரிமீற்றர்! ஏறி அமரும் எந்த ட்ராக்டரும் வேண்டாம் என்றேன். சங்கிலித் தடத்தில் ஊரும் மோட்டார்த் தள்ளுவண்டிகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் சரிவு எல்லை உண்டு. ஆயினும் ஆள் நடந்தே செலுத்துவதால், வழுக்கினால் கையை விட்டு விலகலாம். நம் ஊரில் லேண்ட்மாஸ்டரின் பின்னால் நடந்து உழுதவர்களுக்கு இது புதிதல்ல.

"ஏறி இருந்து ஓட்ட ஆசைப்பட்டன், டொக்டர்" என்றார். ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆயினும் அவர் அடுத்த பூசைக்கும் நடந்தே வந்து பிரசாதம் வாங்க வேண்டும் என்பது என் ஆசை.