நெட்டையனைத் திட்டினால் முரடன் ஆகிவிடுவானா?

கூடைப்பந்து நடக்கிற இடத்தில் ஓரமாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். "இவ்ளோ ஒசரம் இருந்து என்னடா புண்ணியம்? முட்டுடா! மோதுடா!" என்று ஒரு குரல் கேட்கும். கத்துபவர் கோச். வாங்கிக் கட்டிக்கொள்பவன் அணியிலேயே நெட்டையான பையன். பள்ளிக்கூட டீமில் தொடங்கி அமெரிக்காவின் என்.பி.ஏ. வரைக்கும் இந்தக் காட்சி மாறுவதே இல்லை. அங்கே இதற்கென்று ஒரு முத்திரைகூட வைத்திருக்கிறார்கள்: 'சாஃப்ட்'. ஒருமுறை குத்திவிட்டால் லேசில் அழியாது.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டு விடலாம். கூடைக்கு அடியில் நின்று ஆடும் 'பிக் மேன்'கள் உடம்பைப் போட்டுத்தான் ஆட வேண்டும். தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் எழுதிய 13 விதிகளிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் பத்து பேர் ஒரே பந்துக்காக ஒரே கூடைக்குக் கீழே கூடினால் இடி இல்லாமல் எப்படி இருக்கும்? இடத்தைப் பிடிப்பவனுக்குத்தான் பந்து. ஆக, நெட்டையர்கள் வலுவாக ஆட வேண்டுமா என்பதில் சண்டையே இல்லை. அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

பெரும்பாலான கோச்சுகளின் கணக்கு இதுதான்: ஆக்ரோஷம் என்பது குணம். அது பையனுக்குள்ளே தூங்குகிறது. நாலு வார்த்தை திட்டினால், மானம் போகிற மாதிரி ஏதாவது சொன்னால், எழுந்துவிடும். சுத்த அபத்தம்! கூடைக்கு அடியில் தேவைப்படும் முரட்டு ஆட்டம் குணம் அல்ல, வித்தை. நீச்சல் தெரியாதவனைப் பார்த்து "தைரியமா இரு" என்று கத்தினால் மூழ்கத்தான் செய்வான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மோதலில் ஜெயிப்பது உயரமானவன் அல்ல, தாழ்வாக நிற்பவன். முழங்காலை மடக்கி, காலை அகட்டி, இடுப்பை இறக்கி நிற்கிற ஒரு குட்டையன், நெட்டுக்குத்தலாக நிற்கும் ஏழடி ஆளை அசால்ட்டாக நகர்த்திவிடுவான். உயரமானவனின் உடல் எடை மேலே இருக்கிறது. தொடைக்கும் இடுப்புக்கும் கீழே ஒரு அழுத்து அழுத்தினால் ஆள் காலி. வேகமாக வளர்ந்த பையன்களுக்கு இது இன்னும் கஷ்டம். எலும்பு நீண்ட வேகத்துக்குத் தசை வந்து சேர்ந்திருக்காது. அவன் பின்வாங்குவது பயத்தால் அல்ல, பேலன்ஸ் இல்லாததால். அதைப் பார்த்து 'பயந்தாங்கொள்ளி' என்று பட்டம் கட்டுவது கோச்சின் அறியாமை.

உயரம்தான் எல்லாம் என்றால் ரீபவுண்ட் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். 1986-87 சீசனில் என்.பி.ஏ.வில் ரீபவுண்டில் முதலிடம் சார்லஸ் பார்க்லிக்கு. ஏட்டில் எழுதிய உயரமே ஆறடி ஆறு அங்குலம்தான். 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் முதலிடம் டென்னிஸ் ராட்மனுக்கு. அவர் ஆறடி ஏழு. ராட்மன் முரடர் என்று எல்லோருக்கும் தெரியும், தலைமுடிக்கு அடித்த கலரும் தெரியும். ஆனால் சக ஆட்டக்காரர்கள் போடும் பந்து எப்படிச் சுழல்கிறது, தவறினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று உட்கார்ந்து படித்தவர் அவர் என்பதை எத்தனை கோச்சுகள் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இப்போது பீட் நியூவெல் கதைக்கு வருவோம். 1959-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு தேசிய பட்டமும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கமும் வாங்கிக் கொடுத்த கோச். 1976-ல் கெர்மிட் வாஷிங்டன் என்ற லேக்கர்ஸ் ஆட்டக்காரர் அவரிடம் போய் உதவி கேட்கிறார். 1973-ல் ஐந்தாவது ஆளாகத் தேர்வாகி, மூன்று வருஷம் பெரும்பாலும் பெஞ்சைத் தேய்த்தவர். உடம்பில் பலத்துக்குக் குறைவே இல்லை, எங்கே காலை வைப்பது என்பதுதான் தெரியவில்லை. நியூவெல் அவருக்குக் கற்றுக் கொடுத்தது கோபம் அல்ல, காலடி. எந்தக் காலை ஊன்றுவது, எந்தக் காலைத் திருப்புவது, பந்து வரும் முன்பே எப்படி இடத்தைப் பிடிப்பது... இவ்வளவுதான். காசும் வாங்கவில்லை. அந்தத் தனிப் பயிற்சிதான் வளர்ந்து புகழ்பெற்ற 'பிக் மேன் கேம்ப்' ஆனது. வாஷிங்டன் 1980-ல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கே போனார்.

ஆனால் அதற்கு நடுவில் ஒன்று நடந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் ஒரு 'அடியாள்' வைத்திருக்கும். தன் அணி நட்சத்திரத்தைத் தொட்டால் தட்டிக் கேட்க ஒருவர். வாஷிங்டனுக்குக் கிடைத்த வேலையும் அதுதான். 1977 டிசம்பர் 9 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸுடன் ஆட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளு. விலக்கிவிட ஓடிவந்த ரூடி டாம்ஜனோவிச்சைப் பார்த்து வாஷிங்டன் திரும்பி ஒரே ஒரு குத்து விட்டார். முகம் நொறுங்கியது, மண்டை ஓட்டில் விரிசல். டாம்ஜனோவிச் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். வாஷிங்டனுக்கு 60 நாள் தடை, பத்தாயிரம் டாலர் அபராதம்.

ஒரே மனிதர். காலடி கற்றுக் கொடுத்தபோது நல்ல ஆட்டக்காரர் ஆனார். 'நீ அடியாள்' என்று சொல்லிக் கொடுத்தபோது இரண்டு பேருடைய வாழ்க்கையில் ஆறாத வடு விழுந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் பசங்களைப் பார்த்து 'இன்னும் முரட்டுத்தனமா ஆடு' என்று கத்துவதை என்னவென்று சொல்வது?

கதை அங்கே முடியவில்லை. அந்த டாம்ஜனோவிச் பிறகு ராக்கெட்ஸின் கோச் ஆகி 1994, 1995 இரண்டு வருஷமும் பட்டம் வாங்கினார். அவருடைய சென்டர் ஹக்கீம் ஒலாஜுவான், லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடி வளர்ந்தவர். 1995 ஃபைனலில் எதிரே நின்றது இளம் ஷகீல் ஓநீல், மலை மாதிரி உடம்பு. ஹக்கீம் மலையோடு முட்டிக்கொண்டே இருக்கவில்லை. தோளை ஒரு பக்கம் காட்டி, காலை மறுபக்கம் திருப்பி, சுற்றிக்கொண்டு போனார். 4-0. ஹக்கீமை யாராவது சாஃப்ட் என்று சொல்வார்களா?

"அப்போ ஷாக்? அவர் வெறும் பலத்தாலேயே 2000, 2001, 2002 மூன்று பட்டம் வாங்கினாரே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷாக்கைப் போல உடம்பு ஒரு தலைமுறைக்கு ஒருவருக்குக் கிடைக்கும். அவரை மாதிரியாக வைத்து எல்லா நெட்டையனுக்கும் பாடம் எடுக்க முடியாது. அதோடு, அந்த உடம்போடு அவ்வளவு வேகமாக ஒரு காலைப் பின்னே போட்டுக் கூடைப் பக்கம் திரும்பும் 'டிராப் ஸ்டெப்' வெறும் பலம் அல்ல, சுத்தமான வித்தை. அவரையும் நிறுத்த எதிரணிகள் கண்டுபிடித்த வழி என்ன? வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்புவது! 2000 ஃபைனலின் இரண்டாவது ஆட்டத்தில் 39 ஃப்ரீ த்ரோ போட்டு 18-தான் விழுந்தது. நிறைய நெட்டையர்கள் மோதத் தயங்குவதற்கு இதுவும் காரணம். மோதினால் ஃபவுல், ஃபவுல் ஆனால் ஃப்ரீ த்ரோ, அங்கே தவறினால் அரங்கமே சிரிக்கும். ஆக்ரோஷம் வேண்டும் என்கிற கோச் முதலில் ஃப்ரீ த்ரோ போடக் கற்றுக் கொடுக்கட்டும்.

இந்தத் திட்டுகளை எல்லாம் மொத்தமாக வாங்கியவர் யாவ் மிங். ஏழடி ஆறு அங்குலம். 2002-ல் முதல் ஆளாகத் தேர்வாகி ஹூஸ்டனுக்கு வந்தார் (முதல் கோச், அதே டாம்ஜனோவிச்). "இந்த உயரத்துக்கு எல்லாப் பந்தையும் டங்க் அடிக்க வேண்டாமா? பையன் சாஃப்ட்" என்று ஒரு கூட்டம். "சீனாக்காரர்களே அப்படித்தான், மரியாதை ஜாஸ்தி" என்று இன்னொரு கூட்டம். இனத்தை வைத்து ஒருவனின் முழங்கையை அளக்கிற கூத்து! 2003 ஜனவரியில் ஷாக்கோடு முதல் சந்திப்பிலேயே ஆரம்ப நிமிடங்களில் ஷாக் போட்ட பந்துகளைத் தட்டிவிட்டு, ஓவர்டைம் கடைசியில் டங்க் அடித்து அணியை ஜெயிக்க வைத்தவர் இதே மரியாதைக்காரர்தான்.

அவருடைய உண்மையான பிரச்சினை என்ன? 2001-02 சீசனில் இருந்து என்.பி.ஏ.வில் ஸோன் டிஃபன்ஸுக்கு அனுமதி வந்துவிட்டது. யாவுக்கு முன்னால் ஒரு குட்டையான ஆள், பின்னால் ஒருவர். பந்தே உள்ளே வராது. அந்தப் பந்தைச் சரியான உயரத்தில், சரியான நொடியில் போட வேண்டியது கார்டுகளின் வேலை. திட்டு மட்டும் யாவுக்கு! பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். ஜெஃப் வான் கண்டி கோச்சாக, ஒரு காலத்துச் சிறந்த சென்டர் பேட்ரிக் யூயிங் உதவியாளராக இருந்து உழைத்தார்கள். முதல் சீசனில் ஆட்டத்துக்கு 13.5 புள்ளி எடுத்தவர் 2006-07-ல் 25 எடுத்தார். ஃப்ரீ த்ரோ மொத்தக் கணக்கில் 83 சதவீதம்.

சரி, வலுவாக ஆடினால் உடனே கைதட்டுவார்களா? அதுவும் இல்லை. 2005 பிளே ஆஃபில் டல்லாஸுக்கு எதிரே யாவ் வைக்கும் ஸ்கிரீன்கள் மீது புகார், அடுக்கடுக்காக ஃபவுல். நடுவர்கள் யாவை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று பேசிய வான் கண்டிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். மோதாவிட்டால் சாஃப்ட், மோதினால் ஃபவுல். நெட்டையன் என்னதான் செய்வான்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் மூன்று சீசனில் 82, 82, 80 ஆட்டம். கோடையில் ஓய்வு கிடையாது, சீன அணிக்கு ஆட வேண்டும். அதன் பிறகு 57, 48, 55, 77, பூஜ்யம், 5. பாதத்தில் முறிவு, மறுபடி முறிவு. 2011-ல் முப்பது வயதில் ரிட்டயர்மென்ட். சுமார் 140 கிலோவைத் தாங்கிய அந்தப் பாதங்களைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் மோதக் கூடாதா' என்று கேட்டவர்கள் யாரும் மருத்துவமனைப் பக்கம் வந்து நிற்கவில்லை.

திட்டு வேலை செய்யும் என்பவர்கள் கடைசியாக நீட்டுவது பாவ் கசோல் கதை. 2008 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் பாஸ்டனிடம் 131-92 என்று உதை வாங்கியது. கசோல் பெயரையே திரித்து 'சாஃப்ட்' என்று கிண்டல் செய்தார்கள். 2010-ல் அதே பாஸ்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 19 புள்ளி, 18 ரீபவுண்ட், பட்டம். "பார்த்தீர்களா, ரோஷம் வந்துவிட்டது!" என்கிறார்கள். மொக்கை வாதம். 2008-ல் காயத்தால் ஆடாத ஆண்ட்ரூ பைனம் 2010-ல் பக்கத்தில் இருந்தார், கசோல் ஒற்றை ஆளாகச் சென்டர் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. எதிரே பாஸ்டனின் முரட்டு சென்டர் கென்ட்ரிக் பெர்கின்ஸ் அந்த ஆட்டத்தில் காயத்தால் இல்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு, கிண்டல் செய்தவர்களே கோப்பையில் பங்கு கேட்கிறார்கள் :-)

சரி, அப்போ கோச் என்னதான் செய்யணும்?

1. காலில் இருந்து தொடங்கணும். தாழ்ந்து நிற்பது, திரும்புவது, பந்து மேலே போனவுடன் எதிராளியை முதுகால் தேக்கி 'பாக்ஸ் அவுட்' செய்வது. தினமும். சலிக்கும்வரை.

2. பயிற்சியிலேயே இடி வாங்கிப் பழக்கணும். தடுப்புப் பேடால் அடித்துக்கொண்டே பந்தைப் போட வைத்தால் உடம்பு பழகும், பயம் தானாகப் போகும்.

3. நல்ல இடம் பிடித்தவனுக்குப் பந்து கொடுக்காத கார்டைத் திட்டணும். பத்து முறை இடம் பிடித்தும் பந்து வராவிட்டால் பதினோராவது முறை எவன் மெனக்கெடுவான்?

4. ஆக்ரோஷமாக ஆடி வாங்கும் ஃபவுலுக்கு பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது. 'மோது' என்று சொல்லிவிட்டு, மோதியவனை வெளியே கூப்பிடுவது துரோகம்.

5. உடம்புக்கு ஓய்வு. எழுதிப் போட்டு, கண்டிப்பாக.

இதெல்லாம் நேரம் பிடிக்கும் வேலை. கத்துவதற்கு மூன்று விநாடி போதும். அதனால்தான் கத்துகிறார்கள்.

செர்பியாவின் நிகோலா யோகிச்சைப் பாருங்கள். 2014-ல் 41-வது ஆளாகத் தேர்வானவர். பெரிதாக எம்பிக் குதிக்க மாட்டார், மார்பைத் தட்டிக் கத்த மாட்டார். 2021, 2022, 2024 மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர், 2023-ல் டென்வருக்குப் பட்டம். இடுப்பாலும் தோளாலும் எதிராளியை அங்குலம் அங்குலமாக நகர்த்திவிட்டு, சர்க்கரை போடுகிற மாதிரி பந்தை உள்ளே போடுவார். லீகிலேயே நகர்த்த முடியாத ஆட்களில் ஒருவர். முகத்தில் மட்டும் ஆக்ரோஷத்தைத் தேடினாலும் கிடைக்காது.

ஆக்ரோஷம் முகத்தில் இல்லை. முழங்காலில் இருக்கிறது. அதை மடக்கக் கற்றுக் கொடுக்காத கோச்சுக்கு, நெட்டையனைப் பார்த்துக் கத்துகிற உரிமையும் கிடையாது.