செல்போனுக்குள் ஒரு தட்டி!

ஒரே திண்ணையில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து, ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் என்ன ஆகும்? ஒருவர் பேச்சும் விளங்காது. செல்போனுக்குள் இருக்கும் ஆன்டெனாக்களின் கதையும் இதுதான்.

படமும் பேச்சும் வேகமாக வந்து சேர, பல ஆன்டெனாக்கள் கூடி உழைக்க வேண்டும். ஆனால் அவை தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். எவ்வளவு தள்ளி? அலை நீளத்தில் பாதி. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைபை அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நாலு ஆன்டெனாவை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் ஆகிவிடும்! அவ்வளவு நீளப் போனை எந்தச் சட்டைப் பை தாங்கும்?

நெருக்கி வைத்தாலோ, ஒன்று அனுப்பும் சக்தியில் ஒரு பங்கைப் பக்கத்து ஆன்டெனா விழுங்கிவிடுகிறது. பாட்டரி வீண். வேகமும் குறைவு.

செப்பு வளையங்கள்

இதற்கு மருந்துதான் 'மெட்டா மெட்டீரியல்'. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இது புதிய உலோகம் அல்ல. சாதாரண சர்க்யூட் அட்டையில், சிறு வெட்டு விட்ட செப்பு வளையங்களைக் கோலப் புள்ளி போல வரிசையாகப் பதிக்கிறார்கள். அலையின் நீளத்தைவிட வளையம் மிகச் சிறியது. ஆகவே அலைக்கு வளையங்கள் தனித்தனியாகத் தெரிவதில்லை. முழு அட்டையும் ஒரு புதுப் பொருளாகவே தெரிகிறது! அளவுக்கு ஒத்த அலை வந்தால், அட்டை அதைத் தடுத்துவிடும். இரண்டு ஆன்டெனாவுக்கு நடுவே வைத்தால், வீட்டில் மறைப்புக்கு வைக்கும் தட்டி போலத்தான்.

கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் முறுக்கிய சணலைக் கொண்டே மின் அலையின் அதிரும் திசையைத் திருப்பிக் காட்டியது 1898-ல்! செப்பு வளைய யோசனையை இங்கிலாந்து விஞ்ஞானி பென்ட்ரி 1999-ல் வெளியிட்டார். 2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 'மாயப் போர்வை' சோதனை நடந்தது. உலகமே வாயைப் பிளந்தது. அது மறைத்ததோ ஒரு சிறு செப்பு உருளையை. அதுவும் மைக்ரோ அலையிலிருந்து ஓரளவுக்குத்தான். மனிதக் கண்ணிலிருந்து அல்ல.

அந்தப் போர்வையைவிட இந்தத் தட்டியே ஊருக்கு உதவும். ஆனால் இதிலும் குறை உண்டு. ஒரு வளையம் குறுகிய அலைவரிசைக்கே காவல் நிற்கும். போனுக்கோ பல அலைவரிசைகள் வேண்டும். தவிர, வளையமும் கொஞ்சம் சக்தியைத் தின்னும். மனிதக் கை பட்டாலே ஆன்டெனாவின் குணம் மாறும். ஆகவே வெறும் மேஜை மேல் வைத்து அளந்த கணக்கு போதாது. கையில் பிடித்து, காதோடு சேர்த்து வைத்து அளந்த கணக்கையும் காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் போனை அப்படித்தானே பிடிக்கிறார்கள்?