ஒரு டிகிரி குளிருக்கு எத்தனை ரூபாய்?

பங்குனி பிறந்ததும் சேலத்து வீடுகளில் ஒரு கணக்கு தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப்போகிறது, பட்டறைக்கும் நாலு நாள் லீவு விடலாம், எங்கே போவது? முதலில் வாயில் வருவது ஊட்டி. அடுத்தது கொடைக்கானல். ஏற்காடு என்று யாராவது முனகினால், "அது நம்மூர்தானுங்க, எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாமக்கல்லில் கொல்லிமலைக்கும் இதே கதிதான். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகள் போகாமல் இருப்பவர்கள் இரண்டு மாவட்டத்திலும் ஏராளம்.

இந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதைப் பேருந்துக் கட்டணத்தையும் வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் வெயில். சேலம் ஒரு வாணலிக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர். வடக்கே நகரமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. பகலெல்லாம் சூடேறிய பாறை, இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் விடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே செய்தியே அல்ல. நாமக்கல்லின் நிலைமையும் மெச்சும்படி இல்லை. காவிரியைத் தாண்டினால் வருகிற கரூர் பரமத்தி, 2024 கோடையில் தமிழகத்தின் வெப்பப் பட்டியலில் முன்வரிசையில் நின்றது. அந்த வெயிலில் நாமக்கல் கோழிப் பண்ணைகளில் தீவனம் எடுப்பது குறையும், முட்டை குறையும், கொட்டகைக்குள் ஃபாகர் வைத்துத் தண்ணீரைப் புகையாக அடிப்பார்கள். கோழிக்கு ஃபாகர் போட்டுவிட்டு, குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பும் பண்ணைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் போகிற திசையைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மலை ஏறினால் ஏன் குளிர்கிறது என்பதற்குப் பள்ளிப் பாடத்திலேயே கணக்கு உண்டு. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர். வித்தியாசம் எட்டு டிகிரி. நாமக்கல் 200 மீட்டரை ஒட்டிய ஊர். கொல்லிமலையின் மேற்பரப்பு 1,000 முதல் 1,300 மீட்டர் வரை ஏறி இறங்கிக் கிடக்கிறது. அங்கே ஆறு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஊட்டி 2,240 மீட்டர். சேலத்தோடு ஒப்பிட்டால் 13 டிகிரி வரை குறையும்.

இனி டிக்கெட். 2018 ஜனவரியில் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் சாதாரண வெளியூர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவுப் பேருந்துக்கு 75 காசு. மலைப்பாதைக்கு இருபது சதவீதம் கூடுதல். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சில்லறையெல்லாம் சேர்த்து 25 ரூபாய்ச் சுற்றில் மேலே போய்விடலாம், ஒன்றரை மணி நேரத்துக்குள். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைச் செம்மேட்டுக்கு 40 ரூபாய்க்குள் அடங்கும். சேலத்திலிருந்து ஊட்டி 200 கிலோமீட்டருக்கு மேல். விரைவுப் பேருந்தில் 170 ரூபாய் வரை ஆகும். ஐந்தரை, ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

போக வர ஆகும் தொகையைக் குறையும் டிகிரியால் வகுத்தால், ஏற்காட்டில் ஒரு டிகிரி குளிர் ஆறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கொல்லிமலையில் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். ஊட்டியில் இருபத்தாறு.

காரில் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கிறது. ஊட்டிக்குப் போய், அங்கே சுற்றி, திரும்பி வந்தால் 480 கிலோமீட்டர்; லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தாலும் 3,200 ரூபாய். வைகுந்தம், விஜயமங்கலம் டோல்கேட் தனி. ஏற்காட்டுக்கு மலை ஏற்றத்தில் மைலேஜ் அடி வாங்கினாலும், சுற்றுவதையும் சேர்த்து 800 ரூபாய். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்கு 1,400, 1,500. அறை வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் ஊட்டி லாட்ஜ்காரர் சொல்லும் வாடகையைக் கேட்டால் குளிர் அங்கேயே தொடங்கிவிடும்.

ஊட்டியில் 13 டிகிரி குறைகிறதே, அதற்குக் கூடுதல் விலை நியாயம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த 13 டிகிரியும் இப்போது உத்தரவாதம் இல்லை. 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் வெயில் 29 டிகிரியைத் தொட்டுப் பழைய பதிவுகளையெல்லாம் முறியடித்தது. குளிரைத் தேடிப் போனவர்கள் ஸ்வெட்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கினார்கள். அதோடு இ-பாஸும் வந்து சேர்ந்தது. நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதற்கு மேலும் சேலத்துக்காரர் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்பது பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்தது. சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு மூட்டை கட்டிய காலம் அது. ஆனால் அதற்கும் முன்பே சேலம் கலெக்டர் காக்பர்ன் பக்கத்து மலையைத்தான் பார்த்தார். 1820-களில் ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்து நட்டவர் அவர். அன்று கலெக்டருக்குப் போதுமானதாக இருந்த குளிர் இன்று நமக்குப் போதவில்லை! சுற்றுலா விளம்பரங்களும் ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்றே அறிமுகப்படுத்தி, அங்கே போவதையே கௌரவக் குறைச்சலாக்கிவிட்டன.

எட்டு டிகிரி என்பது பகலில் பெரிதாகத் தெரியாது. சேலத்தில் 39 என்றால் ஏற்காட்டில் 31. வெட்ட வெளியில் நின்றால் வியர்க்கத்தான் செய்யும். இரவில்தான் அதன் அருமை. சேலத்தில் மின்விசிறி அனல் காற்றை வீசிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஏற்காட்டில் போர்வை தேவைப்படும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் ஏரியிலிருந்து பனி எழும்பி ரோட்டை மூடும், மிளகாய் பஜ்ஜி கடையில் கூட்டம் நெருக்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து சில நாட்களில் காபிச் செடிகள் பூக்கும். கிளை முழுக்க வெள்ளை வெளேரென்று, மல்லிகை போன்ற வாசத்தோடு. சில நாள்தான் நிற்கும். அதற்காகவே கூட ஒரு தடவை போகலாம்.

கொல்லிமலை வேறு ரகம். அங்கே போகும் பாதையே பாதிப் பயணம். காரவள்ளியைத் தாண்டியதும் முதல் வளைவில் எண் பலகை தெரியும். மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டில் இருபதுதான். பேருந்தில் பழகிய முகங்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளும், புதியவர்கள் பின்னால் உட்கார்ந்து மாட்டிக்கொள்வார்கள். முப்பதாவது வளைவுக்குள் பேச்சு அடங்கிவிடும். ஒரு பாட்டி மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மோந்து பார்ப்பார், பக்கத்துச் சீட்டுப் பையனுக்கும் நீட்டுவார். கண்டக்டர் கேட்காமலே பாலிதீன் கவரைக் கொடுப்பார். ஓட்டுநர் மட்டும் ஸ்டியரிங்கை ஒடித்து, நிமிர்த்தி, எதிரே இறங்கி வரும் பலாப்பழ வண்டிக்கு ஹாரன் அடித்து வழி விட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சோளக்காட்டில் இறங்கும்போது காதடைப்பு விட்டு, சந்தையின் சத்தம் கேட்கத் தொடங்கும். பலா, அன்னாசி, மலை வாழை, மிளகு, காபிக்கொட்டை. அன்னாசியைக் கீற்றாக நறுக்கி மிளகாய்த்தூள் தூவித் தருவார்கள்; வாந்தி வந்த வாய்க்கு அதைவிட மருந்து கிடையாது.

மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கிற மலை இது. மரவள்ளி வந்து சிறுதானியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, பழைய ரகங்களைக் காப்பாற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் இங்கே வேலை செய்திருக்கிறது. ஏற்காட்டில் சுற்றுலா ஒரு தொழில். கொல்லிமலையில் இன்னும் விவசாயம்தான் தொழில். போகிறவருக்கு அந்த வித்தியாசம் சாப்பாட்டிலும் தெரியும், வசதிக் குறைவிலும் தெரியும்.

உண்மையான செலவு பிடிபடுவது மேலே போன பிறகு.

ஏற்காட்டில் ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாமே ஐந்தாறு கிலோமீட்டர் வட்டத்துக்குள். கால் உள்ளவர் பாதியை நடந்தே பார்த்துவிடலாம். மீதிக்கு டாக்ஸி பிடித்தால், நாலு இடம் காட்ட அவர் கேட்கிற பணம் ஒரு குடும்பமே சேலத்திலிருந்து போய்வந்த பஸ் காசைப் போலப் பல மடங்கு. கொல்லிமலையில் தூரம் இன்னும் அதிகம். செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் போக வேண்டும். கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கை அருவி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை ஏறவும் வேண்டும். ஏறி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது செம்மேட்டுப் பேருந்து போய்விட்டால், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் அல்லது வேன்காரர் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டும். நாற்பது ரூபாயில் மலை ஏறியவர் நாலு இடம் பார்க்கப் பல நூறு கொடுக்கிறார்.

ஆகவே சொந்த வண்டி இல்லாத, ஒரு நாள் மட்டுமே கையில் உள்ள குடும்பத்துக்கு ஏற்காடுதான் சரி. இரண்டு நாள் தங்க முடிந்தவர்களுக்கும், முழங்கால் நன்றாக உள்ளவர்களுக்கும் கொல்லிமலை. இரண்டையும் மே மாதத்தில் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு. கோடையில் ஏற்காட்டின் கிளியூர் அருவி பாறையாக நிற்கும், ஆகாய கங்கையும் மெலிந்திருக்கும், அறை வாடகை மட்டும் கொழுத்திருக்கும். ஆடியில் மழை பிடித்த பிறகு எல்லாம் தலைகீழ். ஆடி 17, 18-இல் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. புரட்டாசிக் காலாண்டு விடுமுறையில் அருவி நிறைந்திருக்கும், அறையும் மலிவு. கன மழை நாட்களை மட்டும் தவிர்க்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகன வரம்பு வந்த பிறகு, அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி பக்கத்து மலைகளைத் தேடி வராமல் இருக்காது. கோடை விழா நாட்களில் ஏற்காட்டில் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குக் குப்பனூர்ப் பாதை என்று இப்போதே பிரித்து விடுகிறார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து வளைவில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். இந்தப் பாதைகள் இன்னும் ஆயிரம் கார்களைத் தாங்காது. ஊட்டியில் கார்களை வரவிட்டு, நெரிசல் முற்றிய பிறகு நீதிமன்றம் தலையிட்டது. சேலமும் நாமக்கல்லும் அந்த வரிசைப்படியே போக வேண்டிய அவசியம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய திட்டமும் அல்ல. ஊட்டியில் சீசன் நேரத்தில் 100 ரூபாய் டிக்கெட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கும் சுற்றுப் பேருந்து ஓடியிருக்கிறது. ஏற்காட்டிலும் கோடை விழாவை ஒட்டிச் சுற்றிக் காட்டும் சிறப்புப் பேருந்துகள் விட்டிருக்கிறார்கள். விழா முடிந்ததும் அவை காணாமல் போகின்றன. அந்தப் பேருந்தை வருடம் முழுக்க, குறைந்தது சனி, ஞாயிறுகளிலாவது, ஏற்காட்டில் ஓட்ட வேண்டும். கொல்லிமலையில் செம்மேட்டை மையமாக வைத்துச் சோளக்காடு, வாசலூர்பட்டி படகு இல்லம், அறப்பளீஸ்வரர் கோயில் என்று சிறிய பேருந்துகள் இரண்டு, நேரம் தவறாமல் சுற்றி வந்தால் போதும். அதே பேருந்தில் மலைவாசி மக்களும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். ஏற்காடு அடிவாரத்திலும் காரவள்ளியிலும் காரை நிறுத்த இடம் ஒதுக்கி, அங்கிருந்து மேலே பேருந்து விட்டால் வளைவுகளில் நெரிசல் பாதியாகக் குறையும்.

அடுத்த கோடைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போக்குவரத்துக் கழகமும் இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் இந்தத் தை மாதத்துக்குள் உட்கார்ந்து பேசி, வழித்தடத்தையும் நேர அட்டவணையையும் அறிவிக்க வேண்டும்.