கையின் கல்விக்கு மட்டும் வேலியா?

ஒரு மாளிகை எழ இருவகை அறிவு வேண்டும். தாளில் கோடு வரையும் அறிவு ஒன்று. அக்கோட்டைக் கல்லும் கம்பியுமாக மண்ணில் நிறுத்தும் அறிவு மற்றொன்று. முன்னதைக் கல்வி என்று போற்றும் உலகம், பின்னதை வெறும் உடலுழைப்பு என்று ஒதுக்குகிறது. இப்பாகுபாடு நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களிலும் இடம்பிடித்திருப்பதுதான் வேதனை.

ஆசியான் நாடுகள் 2005-ஆம் ஆண்டில் பொறியாளர்களுக்கும், 2007-ஆம் ஆண்டில் கட்டடக் கலைஞர்களுக்கும் பரஸ்பர அங்கீகார உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. ஒரு நாட்டில் பெற்ற தகுதி, உரிய பதிவுக்குப்பின் அண்டை நாட்டிலும் மதிக்கப்பட வழி பிறந்தது. நல்லதே! ஆனால், அவர்கள் வரைந்ததைக் கட்டி முடிக்கும் கொத்தனாருக்கும், கம்பி கட்டுபவருக்கும், தச்சருக்கும் அவ்வுடன்படிக்கைகளில் இடமில்லை.

சிங்கப்பூருக்கு வரும் கட்டுமானத் தொழிலாளர் வெறுங்கையோடு வருபவரல்லர். தமிழ்நாட்டிலும் வங்காளதேசத்திலும் திறன் தேர்வு எழுதித் தேறிய பின்னரே பலர் விமானம் ஏறுகின்றனர். பயிற்சிக்கும் முகவருக்கும் கொடுத்த பணம் பெரும்பாலும் கடன். நிலத்தையும் மனைவியின் நகையையும் ஈடுவைத்துப் பெற்ற கடன்.

அத்திறனுக்கு விலை இல்லையா? உண்டு, அரசின் கணக்கிலேயே உண்டு. 2024 முதல் கட்டுமானத் தளத்தில் பணிபுரியும் இவ்விரு நாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி செலுத்தும் மாதத் தீர்வை, அடிப்படைத் திறனுடையவருக்கு 900 வெள்ளி. உயர்திறனுடையவருக்கு 500 வெள்ளி. தொழிலாளியின் கை தேர்ச்சி பெற்றதால் திங்கள்தோறும் 400 வெள்ளி மிச்சம்! அதில் தொழிலாளிக்கு இவ்வளவு பங்கு என்று தீர்வை விதி வரையறுக்கவில்லை. கற்றவர் ஒருவர், கனி உண்பவர் வேறொருவர். இது எந்த ஊர் நீதி?

“பயிற்சி கொடுத்தால் வேறு நிறுவனத்திற்குப் போய்விடுவார்” என்பர் சிலர். பொறியாளரைப் பற்றி இவ்வாறு யாரேனும் அஞ்சியதுண்டா? அவர் இடம் மாறினால் முன்னேற்றம். கொத்தனார் மாறினால் நன்றிகேடா?

அமைப்புகளுக்குக் குறைவில்லை. சிங்கப்பூர் 1984-இலும், மலேசியா 1994-இலும் கட்டுமானத் தொழிலை வளர்க்கவே தனி வாரியங்கள் கண்டன. சிங்கப்பூர் வாரியத்தின் பணி 1999 முதல் கட்டட, கட்டுமான ஆணையத்தின் வசமாயிற்று. குறைவது மனமே.

வேண்டுவன மூன்று. பயிற்சிச் செலவை வேலை கொடுப்பவர் ஏற்கவேண்டும். தீர்வையில் மிஞ்சும் தொகையில் ஒரு பங்கு ஊதியத்தில் சேரவேண்டும். ஒரு நாட்டில் பெற்ற திறன் சான்றிதழை அண்டை நாடுகளும் தாயகமும் மதிக்கவேண்டும். பத்தாண்டு உழைத்துத் திரும்பும் தொழிலாளி, தன் ஊரில் மீண்டும் சித்தாளாக நிற்கும் நிலை ஒழியவேண்டும்.

வரைந்தவருக்கு எல்லை திறந்த நாடுகள், கட்டியவருக்கும் திறக்கட்டும். அதுவரை வானுயர்ந்த ஒவ்வொரு கோபுரமும் தீராத கடனின் சாட்சியாகவே நிற்கும்.