லண்டன் கோர்ட்டுப் படியேறிய நடராஜர்

தஞ்சை மாவட்டத்துக் கிராமத்துக் கோயில் ஒன்று லண்டன் கோர்ட்டில் வழக்காடியது. எதிரே நின்றது கனடா நாட்டுக் கம்பெனி. வழக்கு, ஒரு நடராஜர் சிலைக்காக!

அந்தக் கிராமத்தின் பெயர் பத்தூர். (இப்போது திருவாரூர் மாவட்டம்.) அங்குள்ள விசுவநாத சுவாமி கோயில் பாழடைந்து கிடந்தது. 1976-ம் ஆண்டு அதன் அருகே ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டினார். மண்வெட்டி உலோகத்தில் பட்டது. உள்ளே வெண்கலச் சிலைகள்! முற்காலத்தில் படையெடுப்புக்கு அஞ்சி இப்படிப் புதைத்து வைப்பது வழக்கம்.

அவற்றில் நடராஜர் மட்டும் பல கை மாறிக் கடல் கடந்தார். 1982-ல் லண்டன் வியாபாரி ஒருவரிடம் கனடா கம்பெனி அவரை லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கியது. திருட்டுச் சிலை என்று கம்பெனிக்குத் தெரியாது. பழுது பார்க்க பிரிட்டிஷ் மியூசியத்தில் விட்டிருந்தபோது லண்டன் போலீசார் கைப்பற்றினார்கள்.

சாமியா, சாமானா?

மேல்நாட்டாருக்குச் சிலை ஒரு கலைப்பொருள். விலை கொடுத்தால் வாங்கலாம்; கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்கலாம். பத்தூர்க்காரருக்கோ அவர் சாமி. சாமியை யார் விற்பது? யார் வாங்குவது?

இந்தியச் சட்டப்படி கோயில் சாமி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் போடலாம். 1925-ல் இதை உறுதி செய்ததே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான். (வேடிக்கைதான்!)

"இடிந்த கோயில் எப்படி வழக்குப் போடும்? எங்கள் ஊரில் அப்படி வழக்கம் இல்லையே" என்று கம்பெனி தரப்பில் வாதம் எழுந்தது. சிலை பத்தூருடையதுதானா என்பதிலும் சண்டை. சிலையில் ஒட்டிய மண்ணையும் கறையான் தடத்தையும் கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். தொல்பொருள் அறிஞர் நாகசாமி தமிழ்நாட்டிலிருந்து சென்று சாட்சி சொன்னார்.

1988-ல் கோயில் ஜெயித்தது. 1991-ல் அப்பீலிலும் ஜெயித்தது. அந்த வெள்ளைக்கார நீதிபதிகள் சிவனைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. கும்பிட வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. "இந்தியச் சட்டம் கோயிலை ஓர் ஆளாக மதிக்கிறது, நட்பு நாட்டின் சட்டத்தை நாமும் மதிப்போம்" என்ற முறையில் தீர்ப்பு அளித்தார்கள். சரியான தீர்ப்பு. பிறருடைய நம்பிக்கையை ஏற்காமலே அதற்கு நியாயம் செய்ய முடியும் என்று காட்டினார்கள்.

கனடா கம்பெனிக்கு நஷ்டந்தான். அதற்காக இரக்கப்படலாம். ஆனால், திருடியவனிடம் இல்லாத உரிமை, வாங்கியவனுக்கு எங்கிருந்து வரும்?

ஊர் திரும்பினார்

1991-ல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ஆனால் பத்தூருக்குப் போகவில்லை! திருவாரூரில் உள்ள சிலைகள் பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். காவல் இல்லாத சிறு கோயில்களில் மறுபடியும் திருட்டுப் போகுமே என்ற பயத்தால் ஏற்பட்டவை இந்த மையங்கள். பயம் நியாயமானதுதான். ஆனாலும், "இவர் காட்சிப் பொருள் அல்ல, கும்பிடுகிற சாமி" என்று சொல்லித்தானே லண்டனில் வாதாடினோம்?